வேலிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது?

கட்டி முடிக்காத ரோலர் கோஸ்டரை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. தீம் பார்க்கில் ஒரு மூலையை வேலி போட்டு அடைத்தால் போதும். மறுநாளே அதற்குப் பெயர் வைத்து, உயரம் சொல்லி, எத்தனை முறை தலைகீழாகப் போகும் என்று பந்தயம் கட்டி, எந்தக் கம்பெனி செய்கிறது என்று சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். இங்கிலாந்தில் கட்டுமானத் தளங்களில் சர்வேயராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கூட்டத்தோடு சம்பந்தம் வந்தது மகளால். அவளுக்கு ரைடில் ஏற ஆசை. எனக்கு அது தரையிலிருந்து எப்படி எழும்புகிறது என்று பார்க்க ஆசை. இரண்டு ஆசைக்கும் ஒரே வேலியோரம் போதுமாக இருந்தது.

பந்தி போடுவதற்கு முன்னால் அடுப்படிப் பக்கம் போய் மூக்கை நீட்டிப் பார்க்கிற சுகம் இதில் இருக்கிறது. ஆனால் மூக்குக்கும் ஒரு எல்லை உண்டு. இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இவ்வளவுதான்: ரோலர் கோஸ்டரின் வடிவத்தைத் துல்லியமாக ஊகிக்கலாம், செய்பவர் யாரென்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம், உயரத்தை நல்லபடியாகக் கணிக்கலாம். ஏறினால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. திறக்கும் தேதியைச் சொல்லவே முடியாது. பெரும்பாலான ரசிகர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேதிக்கும் அனுபவத்துக்கும் சத்தியம் செய்கிறார்கள். கண்ணெதிரே நிற்கும் இரும்பைப் பார்ப்பதில்லை.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தில் இவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரேயில், பழைய சரளைக் குவாரிகளில் தண்ணீர் நிறைந்து உண்டான நிலத்தில் இருக்கிறது தோர்ப் பார்க். மரக்கட்டைப் படகில் சறுக்கி விழும் அவர்களுடைய பழைய தண்ணீர் ரைடு நின்றிருந்த இடத்தில் புதிதாக ஒன்று கட்டப்போவதாக ரன்னிமீட் கவுன்சிலிடம் போனார்கள். அந்தத் திட்டத்துக்கு அப்போதைய பெயர் எக்ஸோடஸ். பின்னாளில் ஹைபீரியா என்று பெயர் சூட்டி, 2024 மே 24 அன்று திறந்தார்கள். திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அதன் வடிவம், உயரம், தூண்கள் நிற்கும் இடம் எல்லாம் ஊரறிந்த விஷயம். ரகசியம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது பெயர்தான்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுக் காகிதம் வரும். எல்லாரும் நேராக வரைபடத்துக்கு ஓடுவார்கள். நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, முதலில் ஒலி அறிக்கையைப் படி என்று. வரைபடம் என்ன கட்டப்போகிறார்கள் என்று சொல்லும். ஒலி அறிக்கை அது எப்படி ஓடும் என்று சொல்லும். ரயில் எந்த உயரத்தில், எந்த இடத்தில் அதிக சத்தம் எழுப்பும், பயணிகள் எங்கே அலறுவார்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஓடும் என்றெல்லாம் கணக்குப் பண்ணித்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எவ்வளவு இரைச்சல் போகும் என்று எழுத முடியும். இந்தக் கணக்கில் விளம்பரத்துக்கு வேலை இல்லை. அடுத்ததாக, தூரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் படங்கள். மாதா கோயில் மேட்டிலிருந்து, ஆற்றங்கரை நடைபாதையிலிருந்து என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் எடுத்த புகைப்படத்தின்மேல் புதிய கட்டுமானத்தை வரைந்திருப்பார்கள். மரங்களுக்கு மேலே எவ்வளவு தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நேரம் இருந்தால் ஆட்சேபக் கடிதங்களையும் படியுங்கள். ஊர்க்காரர்கள் எழுதும் ஆட்சேபங்களில் இருக்கும் நகைச்சுவை எந்த நாடகத்திலும் வராது.

வரைபடத்துக்கு வருவோம். நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு பிளான் வேறு, எலிவேஷன் வேறு என்று தெரியும். ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. மேலிருந்து பார்க்கும் பிளானில் ஒரு வளைவு சுழன்று தன்னையே வெட்டிக்கொண்டு போனால் உடனே "தலைகீழ்" என்று கூவிவிடுவார்கள். அது வெறும் திருப்பமாகவும் இருக்கலாம். பக்கவாட்டு எலிவேஷனில் அந்த இடத்தின் உயரத்தைப் பார்த்து, டிராக்கின் இரண்டு குழாய்களும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தொடர்ந்து போனால்தான் உண்மை தெரியும். ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ஸ்மைலர் 2013-ல் வந்தபோது 14 முறை தலைகீழாகப் போகும் உலக சாதனை அது. இடியாப்பச் சிக்கல் போன்ற அந்த டிராக்கில் பிளானை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணியவன் யாரும் 14-ஐ எட்டியிருக்க முடியாது.

உயரத்தைக் கணிப்பதில் எனக்குக் கைகொடுத்த உபாயம் ஒன்று உண்டு. எந்தச் சாதனை பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிளாக்பூலில் இருக்கும் பிக் ஒன் 1994-ல் திறந்தபோது உலகிலேயே உயரமான ரோலர் கோஸ்டர்; பிரிட்டனில் அதன்பின் 30 வருடம் அதுவே உயரம். அதன் கட்டுமான உயரம் 213 அடி. ஆனால் பல காலம் அதை 235 அடி என்றே விளம்பரம் செய்தார்கள். கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கடல் மட்டத்திலிருந்து அளந்தார்கள். கடற்கரையில் நிற்கும் ரைடுக்கு அப்படியும் ஓர் அளவு. தொழில் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது. எங்களிடம் யாராவது உயரம் சொன்னால் முதல் கேள்வி, எங்கிருந்து அளந்தாய் என்பதுதான்.

இப்போது ஹைபீரியாவைப் பாருங்கள். உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். பிக் ஒன்னின் விளம்பர உயரத்தைவிட ஓர் அடி கூடுதல். அதே தோர்ப் பார்க்கில் 2006 முதல் ஓடும் ஸ்டெல்த் மணிக்கு 80 மைல் வேகம். பிரிட்டனின் வேகமான கோஸ்டர் என்ற பட்டம் அதனிடம் இருந்தது. ஹைபீரியாவுக்கு 81 மைல். ஓர் அடி, ஒரு மைல். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. "நாட்டிலேயே உயரமானது, வேகமானது" என்ற இரண்டு வாக்கியங்களையும் யாரும் மறுத்துப் பேச முடியாதபடி எழுதிக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கட்டியிருக்கிறார்கள். இரும்பின் விலையில் ஒவ்வோர் அடியும் பணம். ஆகவே 300 அடி, 100 மைல் என்று யாராவது கனவை அவிழ்த்துவிட்டால், இப்போதைய சாதனை என்ன, அதைத் தாண்ட எவ்வளவு போதும் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அமெரிக்காவில் வேறு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 200 அடிக்கு மேல் எதைக் கட்டினாலும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வரும். பூங்கா வாயே திறக்காத நாளிலும் ரசிகர்கள் உயரத்தை அங்கிருந்து எடுத்துவிடுவார்கள். வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் பெயரைத் தேடுகிறவர்களும் உண்டு. அதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு பெயரைப் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு சொற்பம். பயன்படுத்தாத பெயர்களும் அங்கே கிடக்கும்.

மண்ணைத் தோண்டத் தொடங்கியபின் காகிதத்தை மூடி வைத்துவிட்டுத் தரையைப் பார்க்கலாம். ஆழமான குழி தெரிந்தால் அங்கே உயரக் கட்டுப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஆல்டன் டவர்ஸைவிட நல்ல பாடம் இல்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கும் அந்தப் பழைய எஸ்டேட்டில் மரங்களுக்கு மேலே எதுவும் தலைகாட்டக் கூடாது. மேலே போக முடியாது என்றதும் கீழே போனார்கள். 1994-ல் வந்த நெமிசிஸுக்காகப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்; தரைக்கு மேல் அதன் உயரம் 13 மீட்டர்தான், ஆனால் 30 மீட்டருக்கு மேல் கீழிறங்கும். 1998-ல் வந்த ஒப்லிவியன் தரைக்கு மேல் 20 மீட்டர். இருட்டுக் குழிக்குள் பாய்வதோடு சேர்த்தால் விழும் ஆழம் 55 மீட்டர். தரைக்கு மேலே தெரிவதை மட்டும் வைத்து இதைச் சின்னது என்று முடிவு கட்டியவர்கள் அந்தக் குழியைக் கணக்கில் எடுக்கவில்லை.

அஸ்திவாரங்களையும் வரிசையாகக் குறித்து வையுங்கள். கான்கிரீட் ஃபுட்டிங் ஒவ்வொன்றிலும் ஆங்கர் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஃபுட்டிங், நெருக்கமான போல்ட்டுகள் என்றால் அங்கே ரயில் அதிக விசையோடு வருகிறது: சரிவின் அடிப்பகுதி, இறுக்கமான திருப்பம். சின்னச் சின்ன ஃபுட்டிங்குகள் நேர்கோட்டில் சம தூரத்தில் போனால் அது பெரும்பாலும் பிரேக் பகுதி அல்லது ஸ்டேஷன். உயரமான இடத்தில்தான் தூண் பருமனாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்சியில் ரயில் மெதுவாகப் போகும். பாரம் கூடுவது கீழே.

இரும்பு வந்து இறங்கியபின் வேலை எளிது. டிராக்கின் குறுக்குவெட்டைப் பார்த்தாலே செய்தவர் யார் என்று சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபியார் கம்பெனியை ரசிகர்கள் பி அண்ட் எம் என்பார்கள். அவர்கள் டிராக்கின் முதுகெலும்பு சதுரப் பெட்டி போலப் பருமனாக இருக்கும். அதற்கு மேலே இரண்டு உருண்டைக் குழாய்கள். இண்டமின் கம்பெனி பெரும்பாலும் மெல்லிய குழாய்களை முக்கோணமாகவோ நாற்கோணமாகவோ கோர்த்துக் கட்டும். அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் மரச்சட்டங்களின்மேல் தட்டையான இரும்புத் தண்டவாளம் போடும். அதில் உருண்டைக் குழாயே இருக்காது. பழகிய கண்ணுக்கு இதற்கு ஒரு நிமிடம் கூட வேண்டாம். ஓஹையோவில் பட்டேவியா என்னும் ஊரில் பி அண்ட் எம் டிராக்குகளைச் செய்து தரும் ஓர் இரும்புப் பட்டறை இருக்கிறது. பெயின்ட் அடித்துக் காயப் போட்ட துண்டுகளைச் சாலையிலிருந்து படமெடுப்பதற்கென்றே அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போகிற ரசிகர்களும் உண்டு.

பூங்காவுக்கு வந்து சேர்ந்த துண்டுகளில் எண் ஒட்டியிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்று மாட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அந்த எண்களைக் குறித்துக்கொண்டால், வளைந்து முறுக்கிய துண்டு முதல் சரிவில் வருகிறதா கடைசித் திருப்பத்தில் வருகிறதா என்று பிடித்துவிடலாம். ஏற்றப் பகுதியின் ஓரத்தில் மாட்டும் படிக்கட்டு இன்னொரு துப்பு. ஆள் நடக்கப் படி இருக்கிறது என்றால், ரயில் அங்கே நின்றுபோனால் பயணிகளை இறக்குவதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: சங்கிலி ஏற்றம் அல்லது பிரேக்.

நிறத்தைப் பற்றி ஏன் இவ்வளவு விவாதிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

புகைப்படம் எடுக்கும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஜூமில் எடுங்கள். தேதி போட்டு வையுங்கள். உயரம் ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். தோர்ப் பார்க்கில் எனக்கு ஸ்டெல்த்தின் உச்சி அளவுகோலாக இருந்தது. அது 205 அடி. ஆனால் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் தெரியும் என்பதை மறந்துவிட்டு, "பார், ஸ்டெல்த்தைவிட இரண்டு மடங்கு" என்று சொல்லக் கூடாது. இரண்டும் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து, விகிதம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணங்கள் போதும். மகளுக்கு அந்தப் பாடம் வகுப்பில் ஏறாமல் வேலியோரத்தில்தான் ஏறியது.

வேலிக்கு உள்ளே மட்டும் கால் வைக்காதீர்கள், ட்ரோனும் வேண்டாம். தளத்தில் வேலை செய்கிறவன் சொல்கிறேன். கிரேன் இருபது டன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேலே ஏதோ ஒன்று ரீங்காரம் போட்டால் ஆபரேட்டரின் கவனம் சிதறும். அதற்கு விலை கொடுப்பது கீழே நிற்கும் தொழிலாளி. போல்ட் முடுக்குகிறவர்களின் முகம் தெரியும்படி எடுத்த படங்களை ஊரெல்லாம் அனுப்புவதும் நல்ல பழக்கம் இல்லை.

பூங்காக்காரர்களின் மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? "அவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் உண்மையாக இருக்காது" என்பார்கள் சிலர். ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்கா வெலோசிகோஸ்டரைக் கட்டியபோது, ஹெலிகாப்டரில் பறந்து எடுத்த படங்கள் முதல் நடைபாதையில் நின்று எடுத்தவை வரை எல்லாம் ரசிகர்கள் கையில் இருந்தன. 155 அடி உயர வளைவு ஊருக்கே தெரிகிறது. பெரும்பகுதி டிராக் நின்றுவிட்டது. நிறுவனம் மட்டும் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. 2020 செப்டம்பர் கடைசியில்தான் அறிவிப்பு வந்தது; திறப்பு 2021 ஜூனில். ஓஹையோவின் சீடர் பாயின்ட்டிலும் இதே கதை. மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரை 2016 செப்டம்பரில் மூடினார்கள். பிரித்துப் போடுவார்கள் என்று பார்த்தால், அதன்மேல் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷனின் தண்டவாளம் ஏறத் தொடங்கியது. பூங்காவோ புதிர் போட்டுக்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 2017 ஆகஸ்டில், ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு என்பது விளம்பரக் காலண்டரின் விஷயம். கட்டுமானம் அதற்காகக் காத்திருப்பதில்லை. கண்ணால் பார்த்ததை நம்புங்கள்.

பூங்காவே ஊதிப் பெருக்கும்போது அதைவிட அதிகக் கவனம் தேவை. ஆல்டன் டவர்ஸ் தன் புதிய கோஸ்டர்களுக்கு "ரகசிய ஆயுதம்" என்று எண் போட்டுப் பெயர் வைப்பது வழக்கம். நெமிசிஸ் மூன்றாவது ஆயுதம். முதல் இரண்டும் காகிதத்திலேயே கைவிடப்பட்டன. ஆறாவது ஆயுதம் 2010-ல் வந்த தர்ட்டீன். மிரட்டலான விளம்பரம், உலகில் இதுவரை யாரும் செய்யாதது உள்ளே இருக்கிறது என்ற பேச்சு. ஆனால் வெளியே தெரிந்த டிராக்கின் உயரம் 20 மீட்டர்தான். அமைதியாகப் பார்த்தவர்களுக்கு இது குடும்பத்தோடு ஏறக்கூடிய ரைடு என்று புரிந்திருக்கும். அதன் வடிவமைப்பில் பங்கெடுத்த ஜான் வார்ட்லியும் ஆர்வத்தை அடக்கி வாசிக்கும்படியே பேசினார். ரசிகர்கள் கேட்கவில்லை. கட்டடத்துக்குள் இருட்டில் மறைத்து வைத்த புதுமை உண்மையிலேயே புதுமைதான்: ரயில் நிற்கிற டிராக்கே, ரயிலோடு சேர்ந்து, செங்குத்தாகச் சில மீட்டர் கீழே விழும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட ஆனந்தம் இல்லை. உலகிலேயே பயங்கரமானதை எதிர்பார்த்துப் போனவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். விளம்பரத்தைவிட டிராக் நேர்மையானது என்பது என் எண்ணம். அந்த நேர்மை கட்டடத்துக்கு வெளியே மட்டும்தான். கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, தெரியாது என்று விட்டுவிடுவது நல்லது.

"உள்ளே வேலை பார்க்கிற ஒருத்தர் சொன்னார்" என்று தொடங்கும் சேதிகளைப் பற்றியும் இதைத்தான் சொல்வேன். அந்த ஒருத்தர் ஐஸ்கிரீம் கடையில் நிற்பவராக இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியது, இந்தத் தகவல் உங்கள் வேலைக்கு ஏன் தெரிய வேண்டியிருந்தது என்பதுதான்.

அடுத்து, ஏறினால் எப்படி இருக்கும் என்ற கேள்வி. நோலிமிட்ஸ் என்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அனுமதி வரைபடத்தை வைத்துக்கொண்டு, தூணுக்குத் தூண் அளந்து, திறப்பதற்கு முன்பே கணினியில் முழு ரைடையும் உருவாக்கி முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். மகளும் செய்தாள். வேகம், நேரம், எங்கே உடம்பு அழுந்தும், எங்கே எடை இல்லாமல் மிதக்கும் என்று எண்களாக எல்லாம் வரும். அந்த எண்களைப் பார்த்துத்தான் ஹைபீரியாவை ரசிகர்கள் பலர் குறைகூறினார்கள். மொத்த நீளம் 995 மீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, இவ்வளவு உயரத்துக்கு இது போதாது, இரண்டு மூன்று வளைவோடு முடிந்துவிடுகிறது என்றார்கள். கணக்கு சரி. ஆனால் ஏறிப் பார்த்தால், நீளம் ஞாபகத்துக்கே வரவில்லை. உச்சியிலிருந்து முறுக்கிக்கொண்டு கீழே வரும்போது உடம்பு இருக்கையிலிருந்து வெளிப்பக்கமாக வீசப்படுகிறது. பின்னால் ஓரிடத்தில் தலைகீழாகவே ஒரு கணம் தொங்கவிட்டுப் போகிறது. திரையில் அது வெறும் வளைவு. உண்மையில் அடிவயிறு காலியாகிறது. மாக் ரைட்ஸ் என்ற ஜெர்மானியக் கம்பெனி செய்த அந்த டிராக் எவ்வளவு வழவழப்பு என்பதை எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லவில்லை. மறுபுறம், காகிதத்தில் பிரமாதமாக இருந்து, ஏறினால் கழுத்தைப் பிடித்துக்கொள்கிற ரைடுகளும் உண்டு. எனவே யாராவது "இது மோசமாகத்தான் இருக்கும்" என்று கட்டுமானத்தின்போதே தீர்ப்பு எழுதினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சோதனை ஓட்டத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பும் அப்படித்தான். இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை உட்கார வைத்து ஓட்டுவார்கள். குளிர்காலக் காலையில் சக்கரத்து கிரீஸ் இறுகியிருக்கும், ரயில் சோர்ந்துதான் வரும். அதே ரயில் வெயிலில், ஆள் நிறைந்து, நாள் முழுக்க ஓடிச் சூடேறிய பின் வேறு ரயில். முதல் சோதனையில் மேட்டைத் தாண்ட முடியாமல் பள்ளத்தில் நின்றுபோவதும் நடக்கும். சோதனை என்றால் அதற்குத்தானே.

இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்று செங்கல்பட்டில் ஒருவர் என்னைக் கேட்டார். வந்தது. திருப்போரூர் அருகே வொண்டர்லா தன் சென்னைப் பூங்காவைக் கட்டப்போகிறது என்று பல வருடமாகப் பேச்சு. உள்ளாட்சி வரியில் விலக்கு கேட்டு நிறுவனம் காத்திருந்ததால் வேலை தள்ளிக்கொண்டே போனது. எந்தக் கோஸ்டர் வரும் என்று இங்கிலாந்துக்காரர்கள் அடித்துக்கொண்ட காலத்தில், பூங்கா வருமா வராதா என்பதுதான் நம் ரசிகர்களின் ஊகம். கடைசியில் டிராக் எழும்பத் தொடங்கியபோது, கேளம்பாக்கத்தில் இருக்கும் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, பெட்டி முதுகு தெரியுதா? ஆனா தலைகீழா மாட்டியிருக்காங்க. குழாய் கீழ, பெட்டி மேல." சரியாகப் பிடித்துவிட்டான். பெட்டி முதுகு என்றால் பி அண்ட் எம். முதுகு மேலேயும் குழாய் கீழேயும் இருந்தால் பயணிகள் டிராக்குக்குக் கீழே கால் தொங்கப்போட்டுக்கொண்டு போகும் வகை. 2025 டிசம்பரில் திறந்த தஞ்சோரா அதுதான். முப்பது வருடம் முன்னால் பாறையை வெடி வைத்துத் தகர்த்துக் கட்டிய நெமிசிஸின் அதே கம்பெனி, அதே வகை. ஒரே ஒரு படத்தை வைத்து, ஒரு வார்த்தை அறிவிப்பைப் படிக்காமல், பதினேழு வயதுப் பையன் சொன்னான். ஊகம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

தேதி என்று கேட்டால் அவனும் வாய் திறக்க மாட்டான், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். சவூதியில் ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டை அறிவித்தது 2019-ல். உலகிலேயே உயரமானது, வேகமானது, நீளமானது என்ற அந்த ரைடு மக்களுக்குத் திறந்தது 2025-ன் கடைசி நாளில். சீடர் பாயின்ட்டின் டாப் த்ரில் 2, 2024 மே மாதம் திறந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஓடி, அந்தப் பருவம் முழுக்க மூடிக் கிடந்தது. மறுவருடம்தான் மீண்டும் ஓடியது. ஹைபீரியாகூடத் திறந்த கையோடு நின்று, சில வாரம் கழித்தே மீண்டும் ஓடத் தொடங்கியது. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எழுபது மீட்டர் உயரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற புது இயந்திரம். ஒரு சென்சார் முணுமுணுத்தாலும் நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. ஆகவே டிராக்கின் கடைசித் துண்டை மாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் விமான டிக்கெட் போடாதீர்கள். திறப்பு விழா வாரத்தில் லீவு எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வாக்கும் கொடுக்காதீர்கள். திறந்து இரண்டு மாதம் போகட்டும். மழை இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில், பள்ளி விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து, வாசல் திறக்கும்போதே போய் நில்லுங்கள்.